மண் விலை ஏறியது, லயம் காலியானது

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் 'தென்னமரம்' என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பலகையில் ரோமன் எழுத்தில் எழுதியிருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடும், அது நம் வீட்டுக் கொல்லைச் சொல். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயர் 2007ல் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. தோட்டத்தின் பெயர் மாறவில்லை. வியாபாரத்துக்காகச் செம்பனை நடப்பட்ட முதல் மலேசியத் தோட்டம் இதுதான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இதே மாவட்டத்தின் ரந்தாவ் பாஞ்சாங்கில், சுமத்ராவிலிருந்து வந்த விதையைப் போட்டு, அழகுக்காகச் செம்பனை வளர்த்துப் பார்த்திருந்தார்கள். தென்னமரத்தில் முதலில் போட்ட காப்பி சரியாக வரவில்லை. காப்பியைப் பிடுங்கிவிட்டுச் செம்பனையை வைத்தார்கள். ஃபோகோனியே பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. இன்று மலேசியாவின் பெரிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றாக நிற்கும் பாமாயிலுக்குத் தொட்டில் இந்த மண்.

பயிர் மாறுவது தோட்டத்துத் தமிழர்களுக்குப் புதிதில்லை. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது, இப்போது செம்பனையும் போய் வீடமைப்பும் கிடங்கும் தொழிற்பேட்டையும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் நிர்வாகம் கணக்குப் போட்டுத்தான் மாறியது. அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். விளையாத பயிரைக் கட்டி அழ எந்த முதலாளியும் தோட்டம் வாங்குவதில்லை. என் கேள்வி வேறு. மாற்றத்தின் லாபம் ஒருவருக்குப் போகும்போது அந்த மாற்றத்தின் செலவை யார் கட்டினார்கள்?

1910ல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் ரப்பர் கம்பெனிகள் கொடுத்த லாப ஈவைப் பார்த்து லண்டனே பைத்தியம் பிடித்து அலைந்தது. 1930ல் விலை விழுந்தபோதோ மலாயாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த ஒரே ஆண்டில் கப்பலேறித் திரும்பினார்கள். விலை ஏறிய ஆண்டில் பங்குதாரரின் வீட்டுக்குப் பணம் போனது. விலை விழுந்த ஆண்டில் தொழிலாளியின் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. நூறு ஆண்டுகளாக இந்த வழக்கம் மாறவே இல்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் பெயரும் நிர்வாகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். வட சிலாங்கூரில் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவரும் இதைத் தன் கதையாகவே படிப்பார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். என்னையும் தங்கையையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. 1999ல் தோட்டம் கைமாறியது. ஆபீசில் கிராணி ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். அம்மா அந்தக் குறியின்மேலேயே தன் பெயரை எழுதினார். அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது, அவருடைய சிவப்பு அடையாள அட்டையோடு ஒரே பிஸ்கட் டின்னில்.

தாளில் உள்ள கணக்கு இது. சேவை 27 ஆண்டு. ஆண்டுக்கு 20 நாள் கூலி. ஆக 540 நாள். நாள் கூலிச் சராசரி 14 ரிங்கிட். மொத்தம் 7,560 ரிங்கிட்.

ஆண்டுக்கு 20 நாள் என்பது நிர்வாகம் மனமிரங்கிப் போட்ட எண் அல்ல. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லும் குறைந்தபட்சம் அது. இரண்டு ஆண்டுக்கும் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள், ஐந்துக்குள் இருந்தால் 15, அதற்கு மேல் 20. சட்டம் கேட்டதை நிர்வாகம் கொடுத்துவிட்டது. அதனால்தான் இதை அநீதி என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தத் தாளை உற்றுப் பாருங்கள். அம்மா 13 வயதில் பாட்டியோடு நிரைக்குப் போய் மங்கைத் துடைத்து, ஒட்டுப்பால் உரித்து, பால் வாளி தூக்கிய ஐந்து ஆண்டுகள் அதில் இல்லை, ஏனென்றால் அப்போது செக்ரோலில், அதாவது தோட்டத்தின் கூலிப் பதிவேட்டில், அவர் பெயர் இல்லை. நாள் கூலிச் சராசரியையோ கடைசி 12 மாதச் சம்பளத்தை வைத்துத்தான் எடுப்பார்கள். விற்கப்போகிற தோட்டத்தில் யார் மறுநடவு செய்வார்கள்? மரம் கிழடு தட்டி, பால் குறைந்து, கூலி மிகக் குறைவாக இருந்த ஆண்டே அவருடைய 27 ஆண்டுக்கும் அளவுகோல் ஆனது. அப்போது நகரத்தை ஒட்டிய இடங்களில் மலிவு விலை வீட்டின் விலை 42,000 ரிங்கிட் வரை போயிருந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத பணத்தோடு லயத்தைக் காலி செய்தோம்.

லயம் என்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. நிர்வாகத்தின் பேரேட்டில் அது கூலிச் செலவின் ஒரு பகுதி. அதில் பிறந்து, அதிலேயே கல்யாணம் முடித்து, பக்கத்துக் கோயிலில் தீ மிதித்து, அங்கேயே செத்தவர்களுக்கும் அந்த வீட்டின் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990ல் வந்தது. குடிநீர், கழிப்பறை, அறையின் அளவு எல்லாவற்றையும் அது பேசுகிறது. வேலை போனபின் வீடு யாருடையது என்பதை அது பேசவில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலேயே பிரதமர் துன் ரசாக் காலத்தில் எழுந்ததுதான். ஆனால் அதைக் கட்டாயமாக்காமல் நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். சில நிர்வாகங்கள் நிலம் ஒதுக்கி, தொழிலாளர்கள் பெயருக்கே வீடு கட்டிக் கொடுத்தன. அவர்களுக்கு என் வணக்கம். பல நிர்வாகங்கள் செய்யவில்லை. மூன்று தலைமுறையின் கூரை ஒரு மேலாளரின் மனசைப் பொறுத்து நின்றது.

நிலம் கைமாறும் கதையும் பழையது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல்லை அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, மாதம் 10 ரிங்கிட் கட்டச் சொல்லி, 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி தன் தோட்டத்தில் தானே பங்குதாரர் ஆகலாம் என்று நமக்குக் காட்டியவர் அவர். பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ மாற்றவோ வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அது சொல்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், திரும்ப வருவேன்.

1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் கத்ரி தோட்டக் கம்பெனியை மலேசியாவின் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கி முடித்தது. துரைமார் கையில் இருந்த மண் நாட்டின் கைக்கு வந்தது என்று நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை. 2007ல் கத்ரியும் கோல்டன் ஹோப்பும் சைம் டார்பியும் ஒன்றாயின. 2017ல் தோட்டப் பிரிவும் வீடமைப்புப் பிரிவும் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தன. அந்தத் தோட்டக் கம்பெனியின் பெயர் 2024 முதல் எஸ்.டி. கத்ரி. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் லயத்துக்காரரின் நிலை மாறவில்லை.

மண்ணின் விலையோ மாறிக்கொண்டே இருந்தது. 2011ல் கோலாலம்பூர் கோலசிலாங்கூர் நெடுஞ்சாலை திறந்தபின் ஈஜோக்கும் பூஞ்சாக் ஆலமும் தலைநகருக்குப் பக்கத்து ஊராகிவிட்டன. 2010களின் நடுவில் ஈஜோக்கில் சுமார் 2,200 ஏக்கர் நிலத்தை ஒரு பெரிய வீடமைப்பு நிறுவனம் சுமார் 118 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியது. ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். கொஞ்சம் தெற்கே எல்மினா என்று ஒரு தோட்டம் இருந்தது. அங்கே இன்று நகரம் எழுந்து, அதன் தொழிற்பேட்டையில் கூகுளுக்கான தரவு மையத்துக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஒரு காலத்தில் பால் உறைந்து ஷீட்டாகிய மண்ணில் கணினிகள் ஓடப்போகின்றன. வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, என் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை கிடைக்கலாம். ஆனால் ஏக்கர் ஒன்றின் விலை பல மடங்கு ஏறியதில், அந்த ஏக்கரைக் காடு திருத்தி, பாம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவில் தோட்டமாக்கிய குடும்பத்தின் பங்கு 540 நாள் கூலிதானா? 1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர்கள் மூன்று லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும்.

ஐந்து தோட்டங்களின் பெயரை எழுதுகிறேன். மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மிஞ்ஞாக். பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தோட்டங்கள். பெர்ஜெயா குழுமத்தின் கைக்கு வந்த அந்த நிலங்களில் வேலை செய்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி வாங்கினார்கள். புக்கிட் தாகார் என்றால் இன்று நாடு அறிவது குப்பைக் கிடங்கைத்தான். 2005 முதல் கோலாலம்பூரின் குப்பை லாரி லாரியாக அங்கே போகிறது. தலைநகரின் குப்பைக்கு இடம் கிடைத்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகுதான், 2023ல், பிரதமர் அன்வார் இப்ராகிம் 245 குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டத்தை அறிவித்தார். பெர்ஜெயாவின் நிறுவனர் வின்சென்ட் டான் தரப்பு சுங்கை திங்கியில் 20 ஏக்கர் நிலம் கொடுத்தது. மத்திய அரசு 4 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. மாநில அரசும் தன் பங்குக்குக் கைகொடுத்தது.

வீடு கிடைக்கும் குடும்பங்களுக்காக நான் உண்மையிலேயே மகிழ்கிறேன். காத்திருந்து காத்திருந்து, சாவியைக் கையில் வாங்காமலே போய்ச் சேர்ந்த பெரியவர்களை நினைக்கும்போது மகிழ்ச்சி தொண்டையில் நின்றுவிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கட்டுமானச் செலவின் பெரும்பங்கு பொதுப்பணம். நீங்களும் நானும் கட்டிய வரி. நிலம் விற்று வாங்கிய இருபது முப்பது ஆண்டுகளின் லாபம் கம்பெனிகளின் கணக்கில் ஏறியது, அந்த லாபத்தின் கழிவாக விழுந்த கடனை அரசாங்கம் அடைத்தது.

பெரிய நிறுவனங்கள் தாமாகத் திருந்துவதில்லை என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சாட்சி உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை சைம் டார்பி பிளாண்டேஷனின் (இன்றைய எஸ்.டி. கத்ரியின்) பாமாயிலைத் தன் துறைமுகத்தில் இறக்கக்கூடாது என்று தடுத்தது. காரணம் கட்டாய உழைப்பின் அறிகுறிகள். நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். வேலைக்கு வருவதற்கே ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே உழைத்தவர்கள் அவர்களில் பலர். கங்காணி காலத்து முன்பணக் கடன் வேறு பெயரில் திரும்பியிருந்தது. தடை வந்தபின் கம்பெனி சும்மா இருக்கவில்லை. இப்போது வேலை செய்பவர்களுக்கும் முன்பு வேலை செய்து போனவர்களுக்கும் அந்த ஏஜெண்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. முன்பு வேலை செய்து போனவர்களையும் தேடிக் கொடுக்க முடியும் என்பது அன்று நிரூபணமானது. பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்ட முடியாது என்று நம்மிடம் எத்தனை ஆபீஸ்களில் சொன்னார்கள்! ஒரு துறைமுகம் கதவை மூடியதும் அதே பேரேடு புரண்டது.

தமிழ்நாட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் இதே கதிதான். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,373 ஏக்கர் வாங்கியது பாம்பே பர்மா வர்த்தகக் கழகம். கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலிக்கு ஊர்வலம் வந்தபோது 1999 ஜூலை 23ல் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். 2024ல், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, விருப்ப ஓய்வு என்று தாள் நீட்டினார்கள். நான்கு தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய குடும்பங்கள் மலையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. அங்கேயும் மறுவாழ்வு என்ற பேச்சு அரசாங்கத்தின் தலையில்தான் விழுந்தது. தமிழன் காடு திருத்திய இடமெல்லாம் இந்த ஒரே கணக்குத்தான் எழுதப்படுகிறது.

நிறுவனங்களின் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். இயக்குநர் குழு பங்குதாரரின் பணத்தைக் காக்கக் கடமைப்பட்டது, தர்மம் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை என்பார்கள். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970ல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இதைப் பெரிய கொள்கையாகவே எழுதினார். லாபம் தேடுவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்றார், ஆனால் ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று என்றும் சேர்த்துத்தான் சொன்னார். இவர்கள் மேற்கோள் காட்டும்போது அந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். விதியை எழுதுவது கம்பெனி அல்ல, அரசு. அதோடு, யார் அந்தப் பங்குதாரர்? எஸ்.டி. கத்ரியின் பெரிய பங்குதாரர்களில் பெர்மோடாலான் நேஷனலின் நிதிகள் உண்டு, ஊழியர் சேமநிதி வாரியமும் உண்டு. என் மாதச் சம்பளத்தில் பிடித்தமாகும் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை வாரியம் லாப ஈவை அறிவிக்கும்போது அரை விழுக்காடு கூடியதா குறைந்ததா என்று நாமும்தான் பார்க்கிறோம். அப்படியானால் பங்குதாரரின் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்த இவர்களுக்கு உரிமை இல்லை. பங்குதாரர்களில் ஒருவனாக நான் சொல்கிறேன், எங்கள் அம்மாக்களின் வீட்டை விற்று வரும் அந்த அரை விழுக்காடு எனக்கு வேண்டாம்.

இனி 214ஏ பிரிவுக்கு வருகிறேன். அமெரிக்கத் துறைமுகத்தைப் போல நமக்கும் ஒரு கதவு இருக்கிறது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். தோட்ட நிலத்தைக் கைமாற்ற வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை வீட்டு நிலமாகவோ தொழில் நிலமாகவோ வகைமாற்றம் செய்ய, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், பிரிமியமும் கட்ட வேண்டும். நிலத்தின் விலை குதிப்பது அந்த ஒரு கையெழுத்தில்தான். வீடமைப்பு நிறுவனங்கள் இத்தனை பங்கு மலிவு விலை வீடு கட்டியே ஆகவேண்டும் என்று சிலாங்கூர் ஏற்கெனவே நிபந்தனை போடுகிறது. நிறுவனங்கள் முனகினாலும் கட்டத்தான் செய்கின்றன, ஒன்றும் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை. அதே கையெழுத்தின்போது இன்னொரு நிபந்தனையும் போடலாம். அந்தத் தோட்டத்தின் செக்ரோலில் கடைசியாக இருந்த குடும்பங்களுக்கு அதே மண்ணில் சொந்தப் பெயரில் வீடு, முதல் கட்டத்திலேயே, பத்திரம் கைக்கு வந்தபின்தான் மற்ற கட்டங்களுக்கு அனுமதி. கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நிலம் தனிப் பத்திரத்தில். புதிய சட்டம் இதற்குத் தேவையில்லை, ஷா ஆலமில் இருக்கும் மாநில அரசுக்கு மனசு இருந்தால் போதும். மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு நிபந்தனையைக் கேட்டு வாங்கவேண்டும். அடுத்த தோட்டத்துக்கும் 20 ஏக்கரும் பொதுப்பணமும் தேடி இருபது ஆண்டு அலைய நம்மால் முடியாது.

கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் இன்னும் லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா காலத்துச் செக்ரோல் சீட்டு, சம்பளத் துண்டு, பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் உள்ள பக்கம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், கோயில் ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஆபீசில் தாளை நீட்டிப் பென்சிலால் குறி போட்டுக் காட்டினால் அன்றே கையெழுத்துப் போடவேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள், பக்கத்து லயத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.